ஊரில் ஓர் இதயத் திருவிழா: இடம் பிடிப்பதிலிருந்து முப்பதாம் நாள் கணக்கு வரை

செப்டம்பர் 29 உலக இதய நாள். அதையொட்டி வரும் ஞாயிறன்று பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, ஒரு ஆப்பிளும் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு மாதம் கழித்து மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலான ஏற்பாட்டாளர்களிடம் பதில் இருக்காது. கீழே உள்ள திட்டம் அந்தக் கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு போடப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சி, ஒரு காலைப்பொழுது, சுமார் 400 பெரியவர்கள், அவர்களோடு வரும் பிள்ளைகள் என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

நாளும் இடமும்

செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. உள்மாவட்டங்களில் மதியத்துக்கு மேல் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே காலை 7 மணி முதல் 12 வரை. புரட்டாசி சனி வேண்டாம். பாதி ஊர் பெருமாள் கோயிலில் இருக்கும். ஞாயிறு சரி. அக்டோபர் 2 விடுமுறை நாள் என்று ஆசை காட்டும், ஆனால் அன்று கிராம சபை கூடும். இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். பின்னால் சொல்லப்போகும் ஆட்டு இதயம் அன்று கிடைக்காது.

ஆறு வாரம் முன்பே மூன்று இடங்களில் பேசிவிடுங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர். அவர் சம்மதம் வெறும் மரியாதைக்காக அல்ல. விழாவில் கண்டுபிடிக்கப்படும் ஆட்கள் மறுநாள் அவருடைய வெளிநோயாளர் வரிசையில்தான் நிற்கப்போகிறார்கள். திங்கட்கிழமை அறுபது பேர் கூடுதலாக வந்தால் மருந்து இருப்பு தாங்குமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். அடுத்து தலைமை ஆசிரியர். மூன்றாவதாகக் காவல் நிலையம், ஒலிபெருக்கிக்காக. கூம்புக் குழாய்க்கு அனுமதி கிடைக்காது. பெட்டி ஒலிபெருக்கி என்றே எழுதிக் கொடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் வீடு வீடாக அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களைத் திட்டக் குழுவிலேயே சேருங்கள். மேடையில் சால்வை போடுவதோடு நிறுத்தினால் விழாவின் பின்பாதி படுத்துவிடும்.

ஆட்டோவில் என்ன சொல்ல வேண்டும்

விழாவுக்கு முந்தைய இரண்டு நாள் ஆட்டோ அறிவிப்பு போகும். அதில் விட்டுப்போகவே கூடாத வரி ஒன்று உண்டு. 'ரத்தப் பரிசோதனை' என்று கேட்டதுமே நம் ஊரில் வெறும் வயிற்றோடு, காலை மாத்திரையையும் போடாமல் கிளம்பி வருவார்கள். அழுத்த மாத்திரை போடாதவருக்கு அளவு எகிறிக் காட்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தவர் வரிசையிலேயே மயங்கி விழுவார். ஆகவே இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்:

"வழக்கம்போல சாப்பிட்டுட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுட்டே வாங்க. மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் கையில எடுத்துட்டு வாங்க. காபி, டீ, பீடி, சிகரெட் எல்லாம் பரிசோதனைக்கு அரை மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க."

அரை மணிக்கு 40 வீதம், நேரம் அச்சிட்ட டோக்கன்களை முன்கூட்டியே வீடுகளுக்குக் கொடுங்கள். 7 மணிக்கு வெள்ளை, ஏழரைக்கு மஞ்சள் என்று நிறம் மாற்றினால் வாசலில் நிற்பவருக்கு வேலை சுலபம். டோக்கன் இல்லாவிட்டால் எட்டு மணிக்கு இருநூறு பேர் சேர்ந்து வருவார்கள். அவசரத்தில் அளந்த அழுத்தம் எதற்கும் ஆகாது.

ரத்த அழுத்த மேசை

திருவிழாவின் கர்ப்பக்கிரகம் இதுதான். மற்றதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், இதில் கூடாது.

முதலில் கணக்கு. ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரும் நேரம், பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு, எழுதுவது. மேசையில் மட்டும் நாலரை நிமிடம் ஆகும். ஒரு மேசையில் மணிக்கு 13 பேர், ஐந்து மணி நேரத்தில் 65 பேர். 400 பேருக்கு ஆறு மேசை வேண்டும். கைவசம் எட்டுக் கருவி இருக்கட்டும், இரண்டு மாற்றுக்கு. காத்திருப்போருக்குக் குறைந்தது 12 முதுகு சாய்வுள்ள நாற்காலிகள். பெஞ்சு உதவாது, ஏனென்றால் முதுகு சாயாமல் உட்கார்ந்தாலே அளவு ஏறும்.

கருவி மேற்கையில் கட்டுவதாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து அளவு ஆடும். பட்டையின் அளவுதான் பலர் கோட்டை விடும் இடம். கருவியோடு வரும் பட்டை சாதாரணமாகச் சுமார் 27 முதல் 34 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குப் பொருந்தும். பருத்த கையில் அதையே இழுத்துக் கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். பெரிய பட்டை குறைந்தது இரண்டு வாங்கி வையுங்கள். கருவியும் அந்தப் பட்டையும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கட்டும். காத்திருக்கும் இடத்திலேயே ஒருவர் அளவுநாடாவோடு நின்று மேற்கையின் நடுவில் அளந்து, 34-க்கு மேல் என்றால் டோக்கனில் 'பெ' என்று எழுதிவிட்டால் மேசையில் யோசிக்க வேண்டியதில்லை.

அளக்கும் முறை இது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிறைந்த மூத்திரப்பை ஒன்றே அளவைப் பத்துப் புள்ளி ஏற்றிவிடும். பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் போடாமல். கை மேசை மேல், உள்ளங்கை மேலே பார்த்தபடி, பட்டையின் நடுப்பகுதி நெஞ்சின் நடு உயரத்தில். தொடக்கப் பள்ளி மேசைகள் குட்டையானவை. கை இதயத்தைவிடப் பத்து செ.மீ. தாழ்ந்தால் ஏழெட்டுப் புள்ளி கூடுதலாகக் காட்டும். மடித்த துண்டையோ நான்கு பழைய நோட்டுப் புத்தகங்களையோ கைக்கு அடியில் வையுங்கள். சட்டைக் கையை முறுக்கிச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டுப்போல் இறுக்கும். சட்டையிலிருந்து ஒரு கையைக் கழற்றச் சொல்வதே மேல். ரவிக்கைக் கை மெல்லியதாக இருந்தால் சுருட்டுவதைவிட அதன் மேலேயே கட்டுவது நல்லது. பெண்களுக்கு மூன்று மேசைகளைத் தடுப்புக்குள் வைத்து, பெண்களையே அளக்கச் சொல்லுங்கள்.

அளக்கும்போது பேச்சு கூடாது, அளப்பவரும் பேசக் கூடாது. "எந்த ஊரு, பையன் என்ன பண்றான்" என்ற அன்பான விசாரிப்புக்குப் பத்துப் புள்ளி வரை விலை உண்டு. மேசைக்கு மேல் 'அளக்கும்போது மௌனம்' என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. பறையும் ஒலிபெருக்கியும் மைதானத்தின் எதிர் மூலையில் இருக்கட்டும். காபிக் கடையை நுழைவாயிலில் வைத்துவிட்டு அரை மணிக் கட்டுப்பாடு பேசாதீர்கள். அது வெளியேறும் வழியில்.

இரண்டு அளவுக்கும் இடையே பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது எடுத்து, கடைசி இரண்டின் சராசரியை எழுதுங்கள். கருவி திரும்பத் திரும்பப் பிழை காட்டினால் பேட்டரியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். நாடித் துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் அப்படி ஆகும். நாடியை விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒழுங்கில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப அதுவே போதுமான காரணம்.

வந்த எண்ணை என்ன செய்வது? 140-க்கும் கீழே, 90-க்கும் கீழே என்றால் பச்சைச் சீட்டு. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90-ஐத் தொட்டால் மஞ்சள், பத்து நாளுக்குள் சுகாதார நிலையத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 180 அல்லது 110-ஐத் தொட்டால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி. அப்போதும் அப்படியே இருந்தால் சிவப்பு, அன்றே மருத்துவர். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கைகால் விளங்காமை, வாய் குழறல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் 108. இந்த இடத்தில் ஒரு பழைய கெட்ட பழக்கம் இன்னும் அங்கங்கே உயிரோடு இருக்கிறது: நாக்கின் அடியில் மாத்திரை வைத்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவது. திடீரென்று இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையும். யாராவது ஆர்வக்கோளாறில் அப்படி மாத்திரை எடுத்தால் தடுங்கள்.

மஞ்சள் சீட்டு கொடுக்கும்போது 'உங்களுக்கு பி.பி. இருக்கு' என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று முத்திரை குத்த முடியாது. "அம்மா, இன்னைக்கு அளவு கொஞ்சம் கூடுதலா இருக்கு. இன்னும் ஒரு நாள் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். வர்ற வியாழக்கிழமை நம்ம சுகாதார நிலையத்துல சிஸ்டர் பார்ப்பாங்க, இந்தச் சீட்டைக் காட்டுங்க." நாள், இடம், பார்க்கப்போகும் ஆள் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'டாக்டரைப் பாருங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பார்க்க மாட்டார்கள்.

எடை, இடுப்பு, சர்க்கரை, அபாய அட்டவணை

எடை, உயரம், இடுப்பு மூன்றையும் அழுத்தத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு வைத்தால் ஓய்வு கலையும். எடைக் கருவியை மண் தரையில் வைத்தால் ஆளுக்கொரு பொய் சொல்லும். சிமெண்டுத் தரை, இல்லையேல் கனமான ஒட்டுப்பலகை. இடுப்புச் சுற்றளவைப் பேண்ட் கட்டும் இடத்தில் எடுக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் எடுக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது ஆசியர்களுக்கான எல்லை.

சர்க்கரையைச் சொட்டு ரத்தத்தில் பார்ப்பதானால் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். வாழைப்பழம் உரித்த கையோடு வந்தால் அந்த ஒட்டலே அளவை ஏற்றிக் காட்டும். ஸ்பிரிட் ஈரம் காயாமல் குத்தினாலும் தவறும். சர்க்கரை பார்க்கும் சோதனைப் பட்டைகளின் டப்பாவைத் திறந்தபடி வெயிலில் வைக்கக் கூடாது. ஊசி ஆளுக்கொன்று, பயன்படுத்தியது குத்திக் கிழியாத வெள்ளை நிறக் கொள்கலனுக்குள் போக வேண்டும், மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது அதைத்தான். அதைச் சுகாதார நிலையத்திடம் ஒப்படைப்பது யார் என்று முன்பே பெயர் எழுதி வையுங்கள். சாப்பிட்ட நிலையில் 140-க்கு மேல் என்றால், இன்னொரு நாள் வெறும் வயிற்றில் பார்க்கச் சீட்டு.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அபாய அட்டவணை மேசை ஒன்று போடுங்கள். தெற்காசியாவுக்கென்று தனி அட்டவணை உண்டு. ரத்தப் பரிசோதனை தேவைப்படாத வடிவமும் இருக்கிறது. வயது, பால், புகைப்பழக்கம், மேல் அழுத்தம், உயரத்துக்கேற்ற எடை ஐந்தையும் வைத்து ஒரு கட்டத்தில் விரல் வைத்தால், அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நிறத்தில் தெரியும். இதில் மனத்தைத் தொடும் காரியம் ஒன்று செய்யலாம். புகைப்பவரிடம் அவருடைய கட்டத்தைக் காட்டிவிட்டு, அதே வயது, அதே அழுத்தத்தில் புகைக்காதவரின் கட்டத்துக்கு விரலை நகர்த்திக் காட்டுங்கள். நுரையீரல் படம் போட்ட பேனரைவிட அந்த ஒரு விரல் நகர்வு நன்றாக வேலை செய்யும்.

'எல்லோருக்கும் இலவச இ.சி.ஜி.' என்று போஸ்டர் போட ஆசை வரும். வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தால் அடைப்பே இல்லை என்று பொருளாகாது. ஆனால் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அடுத்த மாதம் வரும் நெஞ்சுவலியை வாயு என்று நினைத்துக் கஷாயம் குடிப்பவர்கள் உண்டு. பந்தல் செலவை ஏற்க முன்வரும் மருத்துவமனை, வந்தவர்களின் பெயர், செல்பேசிப் பட்டியலைக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சீட்டில் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குவது உங்கள் பின்தொடர்தலுக்கு மட்டும்தான்.

அறிவியல் கடைகள்

பிள்ளைகளுக்காக என்று சொல்லித்தான் வைக்கிறோம். நின்று வேடிக்கை பார்ப்பது தாத்தாக்கள்தான்.

*ஒரு நிமிட இதயம்.* ஓய்வில் இருக்கும் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக ஐந்து லிட்டர் தள்ளுகிறது. ஒரே மேசையில் இரண்டு பத்து லிட்டர் வாளி, 70 மில்லிக்குக் கோடு போட்ட ஒரு குவளை. ஒரு நிமிடத்தில் 72 முறை மொண்டு ஊற்ற முடிகிறதா என்பதே விளையாட்டு. நாற்பதைத் தாண்டும்போது தோள் கெஞ்சும். நாளுக்கு 7,200 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை இரண்டு நாளுக்குள் காலி செய்யும் வேலை என்று அப்போது சொன்னால் உறைக்கும். தண்ணீரில் சிவப்புச் சாயம் கலக்காதீர்கள். சட்டைக் கறைக்கு அம்மாக்களிடம் பதில் சொல்ல வேண்டிவரும். கீழே தேங்காய் நார் மிதியடி போட்டால் வழுக்காது.

*குறுகிய குழாய்.* குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். இதைக் காட்டப் பலரும் தண்ணீர் வைப்பார்கள். பதினாறு வராது, ஐந்தோ ஆறோதான் வரும். அகலக் குழாயில் தண்ணீர் வேகமெடுத்துச் சுழித்து ஓடுவதால் அந்த விதி அங்கே பொருந்தாமல் போகிறது. சமையல் எண்ணெய் வையுங்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடும் 4 மி.மீ. உள்விட்டக் குழாய் ஒரு மீட்டர், 2 மி.மீ. உள்விட்டக் குழாய் ஒரு மீட்டர், இரண்டு பாட்டில்களின் அடியில். எண்ணெய் மட்டத்துக்கும் குழாய் முனைக்கும் அரை மீட்டர் உயரம். ஒரு நிமிடத்தில் அகலக் குழாயில் 30 முதல் 40 மில்லி சேரும்போது குறுகியதில் இரண்டு மில்லி சொச்சம்தான் சேரும். குறுகிய குழாயில் காற்றுக் குமிழி நின்றால் ஓட்டமே நின்றுவிடும். முதலில் குழாயை எண்ணெயால் நிரப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

விளக்குபவர் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாய் உதாரணம் பாதி உண்மைதான். பெரும்பாலான மாரடைப்பு, கொழுப்பு மெல்ல மெல்ல அடைத்து வருவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, நிமிடங்களில் அடைபடுகிறது. பாதி அடைப்புகூட இல்லாத இடத்திலும் அது நடக்கும். 'எனக்கு முப்பது பர்சன்ட்தான் பிளாக்' என்று நிம்மதியாகப் புகை பிடிப்பவருக்குத் தெரிய வேண்டியது இது.

*ஹார்வியின் கை.* செலவே இல்லாத கடை. ரத்தம் சுற்றி ஓடுகிறது என்று 1628-இல் எழுதிய வில்லியம் ஹார்வி, நூலில் படம் போட்டே காட்டிய சோதனை. மேற்கையில் துண்டை மிதமாகக் கட்டுங்கள். முன்கை நரம்பு புடைக்கும், அங்கங்கே முடிச்சு தெரியும்; அவை வால்வுகள். ஒரு விரலால் நரம்பை அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் அங்கிருந்து தோள் பக்கமாக ஒரு முடிச்சைத் தாண்டி நீவிவிடுங்கள். இடைப்பட்ட நரம்பு தட்டையாகவே கிடக்கும், மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். கட்டை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். மண்வெட்டி பிடித்த கை கிடைத்தால் நரம்பு அழகாகத் தெரியும். அபாய அட்டவணைக்குக் காத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் சந்தோஷமாக நீட்டுவார்கள்.

*ஆட்டு இதயம்.* நான்கு அறை, நான்கு வால்வு; மனித இதயத்துக்கு நல்ல மாற்று. கறிக்கடையில் சாதாரணமாகக் கேட்டால் ரத்தக்கட்டியை எடுக்கக் கீறி, மேலே உள்ள குழாய்களைச் சீவிக் கொடுப்பார்கள். முந்தைய நாளே சொல்லி, கீறாமல், பெருந்தமனி இரண்டு விரற்கடை நீளம் ஒட்டியபடி மூன்று இதயங்கள் வாங்குங்கள். புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சியே கிடையாது. ஆகவே இந்தக் கடை சாப்பாட்டுக் கடைக்கு எதிர்முனையில், துணித் திரைக்குள், வாசலில் 'உள்ளே ஆட்டு இதயம்' என்ற பலகையோடு இருக்க வேண்டும். அந்த மரியாதை இருந்தால் எதிர்ப்பு வராது.

வெட்டுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். கையில் வைத்து இரு பக்கமும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் துணிப்பைபோல மெதுவாக, மறுபக்கம் கெட்டியாக இருக்கும். கெட்டியானது இடது கீழறை, உடம்பு முழுக்கத் தள்ளுவது அது. அடுத்து, குழாயில் தங்கியிருக்கும் ரத்தக்கட்டியைக் கழுவிவிட்டுப் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று இதழ் வால்வு தானாக மூடிக்கொண்டு தண்ணீரை ஏந்தி நிற்கும். 'லப்–டப்' என்பதில் 'டப்' இந்த வகைக் கதவு மூடும் சத்தம். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பார்த்தால் இதழுக்குச் சற்று மேலே துவரம்பருப்பு அளவுகூட இல்லாத இரண்டு துளைகள் தெரியும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் தமனிகள் புறப்படும் இடம். மாரடைப்பு என்று பேசுவது முழுக்க இந்த இரண்டு துளைக்குக் கீழே நடப்பதுதான். தண்ணீர் நிற்காமல் இறங்கினால் வால்வு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கறிக்கடைக் கத்தி பட்டிருக்கும், அடுத்த இதயத்தை எடுங்கள். கத்தியைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். கையுறை, முடிந்ததும் மேசைக்குப் பிளீச்சிங் பவுடர்.

சி.பி.ஆர். கூடாரம்

இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவிதான் சி.பி.ஆர். இருபது நிமிட வகுப்பு, ஒரு பொம்மைக்கு ஐந்து பேர், மூன்று பொம்மை. பொம்மைக்குத் தட்டுப்பாடு என்றால் பழைய சட்டைக்குள் தலையணை, அதன்மேல் மூடி இறுக்கிய ஒரு லிட்டர் காலி பாட்டில். ஆழம் சரியாக வராது, ஆனால் தாளமும் கை வைக்கும் முறையும் பழகும்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தோளைத் தட்டிக் கூப்பிடு. பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டு விக்கல்போல இழுக்கிறார் என்றால் 108-ஐ ஒலிபெருக்கியில் போடச் சொல்லி ஆரம்பி. அந்த இழுப்பை மூச்சு என்று நினைத்துக் காத்திருப்பதுதான் உயிரைக் கொண்டுபோகும் தவறு. கட்டில், மெத்தை வேண்டாம், தரை. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்காமல், ஐந்து முதல் ஆறு செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு மார்பு முழுசாக எழும்ப வேண்டும். புதிதாகக் கற்பவர் எல்லோரும் செய்யும் பிழை, கையை மேலேயே சாய்த்து வைத்திருப்பது. அப்போது இதயம் நிரம்பாது. இரண்டு நிமிடத்தில் எவரும் களைத்துவிடுவார்கள், ஆகவே ஆள் மாற்றும் பயிற்சியும் வேண்டும். தாளத்துக்குச் செல்பேசியில் மெட்ரோனோம் செயலியை 110-இல் வையுங்கள். பறைக் கலைஞர் ஒருவர் அதே வேகத்தில் தட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

உப்புக் கடையும் சாப்பாட்டுக் கடையும்

ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து கிராம், ஒரு தட்டைத் தேக்கரண்டி. இதை எல்லோரும் கேட்டுச் சலித்திருப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "உங்க வீட்டுல ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருது?" நாலு பேர் வீட்டில் ஐம்பது நாள் வர வேண்டும், அதுவும் ஊறுகாய், அப்பளம், கடைத் தின்பண்டம் எதையும் சேர்க்காமல். இருபத்தைந்து நாளில் தீருகிறது என்று ஓர் அம்மா சொன்னால் அவரே கணக்கு போட்டுக்கொள்வார். எண்ணெய்க்கும் அப்படியே: நாளுக்கு 27 கிராம் என்றால் ஆளுக்கு மாதம் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

பாக்கெட்டில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டு கிராம் உப்பு. பிள்ளைகளிடம் காலி மிக்சர், நூடுல்ஸ் உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, அந்த அளவு உப்பைத் தராசில் நிறுத்து உறைமேல் கொட்டிக் காட்டச் செய்யுங்கள். கல் உப்பு, இந்துப்பு விசாரணை கட்டாயம் வரும். பெயர் எதுவானாலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு வேறு. அது அழுத்தத்தைக் குறைக்க உதவும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

விற்பனைக்குச் சுண்டல், கம்பங்கூழ், உப்பில்லா மோர், கொய்யா, வெள்ளரி. கூழுக்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் கருவாடும் வைத்துவிட்டால் மொத்தமும் போச்சு. சின்ன வெங்காயம், கொத்தவரங்காய் வதக்கல் போதும். நெய்யும் வெல்லமும் சரிக்குச் சரி போட்ட சிறுதானிய லட்டுக்கு 'இதய நலம்' என்று பலகை மாட்ட யாராவது வருவார்கள், அனுமதிக்காதீர்கள்.

நெஞ்சுவலி நிஜமாகவே வந்தால்

ஐந்நூறு பேர் கூடும் இடத்தில் இது நடக்கக்கூடியதுதான். மைதானத்தின் ஒரு வாயிலை ஆம்புலன்ஸுக்கு என்று காலியாக வையுங்கள். பைக் நிறுத்தவிடாமல் ஒருவர் நிற்கட்டும். நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகு வலி, திடீர் வியர்வை என்று சொல்பவரை நடக்கவைக்காமல் சாய்த்து உட்காரவையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் வரலாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டப்படி ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் முதல் தவணை மருந்து 14 மாத்திரைகளாக வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின். மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அது எந்த அறையில், யார் கையில் என்பதைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். காலை நடை வைப்பதானால் ஆறு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போதும். ஓட்டப்பந்தயம் வேண்டாம். நடந்து வந்தவருக்கு அரை மணி கழித்துத்தான் அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஆட்கள்

நாற்பது பேர். அழுத்த மேசைகளுக்குப் பன்னிரண்டு, அளக்க ஒருவர், எழுத ஒருவர் என்று. வரிசைக்கும் பட்டை அளவுக்கும் நான்கு, அறிவியல் கடைகளுக்கு எட்டு, சி.பி.ஆருக்கு ஆறு, சாப்பாட்டுக்கு நான்கு, வாயிலுக்கும் தண்ணீருக்கும் நான்கு, சீட்டு மேசைக்கு இரண்டு. அழுத்தம் அளப்பவர்களுக்கு மட்டும் ஒரு வாரம் முன்பு இரண்டு மணி நேரம் பயிற்சி. ஒரே ஆளை இரண்டு பேர் அளந்து எண் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் தேர்வு.

மூன்று, பத்து, முப்பது

சீட்டுகள் கார்பன் வைத்து இரட்டையாக எழுதப்பட வேண்டும். ஒன்று அவர் கையில், ஒன்று உங்களிடம். அன்று மாலையே மஞ்சளையும் சிவப்பையும் தெருவாரியாகப் பிரித்து ஒரு நோட்டில் ஏற்றுங்கள். நாலு பேருக்கு மேல் அந்த நோட்டைப் பார்க்கக் கூடாது. யாருக்கு என்ன நோய் என்பது டீக்கடைப் பேச்சாகிவிட்டால் அடுத்த வருடம் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு போன், சிவப்புச் சீட்டுக்காரர் மருத்துவரைப் பார்த்தாரா என்று. பத்தாம் நாள் மஞ்சள்காரர்களுக்கு. போகாதவரைத் திட்டாமல் காரணம் கேளுங்கள். கூலி வேலை, கூட்டிப்போக ஆள் இல்லை, 'ஒருதரம் ஆரம்பிச்சா நிறுத்த முடியாதாமே' என்ற பயம் என்று பெரும்பாலும் மூன்றில் ஒன்று வரும். முதல் இரண்டுக்கும் தெருத் தன்னார்வலர் வீட்டுக்கே போய் அளப்பது தீர்வு. மூன்றாவதற்கு, ஏற்கெனவே பல வருடம் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கும் அதே தெருக்காரர் ஒருவரைப் பேசவைப்பதுபோல் வேறு மருந்து இல்லை. முப்பதாம் நாள் வரும்போது நான்கு எண்கள் கையில் இருக்க வேண்டும்: அழுத்தம் கூடுதலாக இருந்தவர்கள் எத்தனை, இரண்டாம் முறை பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை, மருந்து தொடங்கியவர்கள் எத்தனை, இன்றும் மருந்து சாப்பிடுகிறவர்கள் எத்தனை.

நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாள் கிராம சபை. பெயர் எதையும் சொல்லாமல் இந்த நான்கு எண்களை மட்டும் அங்கே வாசியுங்கள். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே எங்கே அதிகம் உதிர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்த வருடம் எந்த வேலைக்கு ஆள் கூட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரண்டாம் எண்ணிலேயே உதிர்ந்திருந்தால் சீட்டு மேசையில் பேசியது சரியில்லை. மூன்றிலிருந்து நான்குக்குள் உதிர்ந்திருந்தால் மருந்து இருப்பையும் வீட்டுக்கு மருந்து வந்துசேரும் வழியையும் மருத்துவ அலுவலரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தச் சந்திப்புக்குக் கருவிகளையும் கொண்டுபோய் ஒப்படையுங்கள், பேட்டரிகளைக் கழற்றிவிட்டு. உள்ளேயே விட்டால் அடுத்த செப்டம்பருக்குள் கசிந்து கருவி பாழாகியிருக்கும்.